ஆஞ்சலா விதைத்த அழுகண்ணி

நீலசந்திரா,
ஆகஸ்ட் 12, 1998

அன்பானவருக்கு,

நம் ஆஞ்சலா கடைசியாக விதைத்த அழுகண்ணி முளைத்துவிட்டது. பூச்சி தின்னும் செடி வீட்டுக்கு ஆகாது என்று அவளிடம் சண்டை போட்டீர்களே, அதுதான்.

அவளை அடக்கம் செய்த பிறகும் அவள் அறையில் விதைத்து வைத்திருந்த டப்பாவில் மழைத்தண்ணீர் தெளித்துவந்தேன். போர்வெல் தண்ணீர் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

"வெறும் மண்ணுக்கு எதுக்குக்கா தண்ணி?" என்று பக்கத்து வீட்டு பாமா கேட்டாள். நான் தெளித்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று கடுகளவு இலைகளைப் பார்த்தேன். அவற்றின் ரோமங்களில் பசைத்துளிகள் மின்னின. ஒன்றில் பொடிப்பூச்சி துடித்தது. எடுத்துவிட விரலை நீட்டினேன்.

"மம்மி, தொடாதே. அது சாப்பிடட்டும் விடு."

அவள் குரல்தான். கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் அறையைக் காலி செய்யச் சொல்லி ஓசூரிலிருந்து எழுதியிருந்தீர்கள். என்னால் முடியாது. ஒருமுறை வந்து அங்கே உட்காருங்கள். உங்களிடமும் பேசுவாள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி