மேகத்துக்குக் கிரிவலம்

மே 12, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். பக்கத்து வீட்டு அக்காவின் ப்ளவுஸ் மூன்று, லைனிங் வெட்டியாச்சு. போனில் மழை ரேடார் பார்த்தேன், செங்கம் பக்கம் ஒன்றும் இல்லை. மூன்று கோடையாக இடிமேகம் படம் எடுக்கிறேன். பம்பரம் மாதிரி தன்னைத்தானே சுற்றும் மேகம் மட்டும் அகப்படவில்லை. நம் பக்கம் அபூர்வமாம். இந்தக் கோடை முடிவதற்குள் ஒன்றாவது எடுத்தே ஆகணும்.

மே 16, சனி
கிடைத்துவிட்டது. மத்தியானம் மலை உச்சியிலேயே மேகம் திரண்டது. மிஷினை அப்படியே விட்டு ஓடினேன். இவர் சவாரியை இறக்கிவிட்டு ஆட்டோவோடு வந்தார். கிரிவலப் பாதையில் முழு சுற்று. வலப்பக்கம் உட்கார்ந்து மேகத்தை விடாமல் போனில் எடுத்தேன். வீட்டில் வேகமாக ஓடவிட்டால், அப்படியே சுற்றுகிறது. வாட்ஸ்அப் மழைக்குழுவில் போட்டேன். ஒரே கைதட்டல். தூக்கம் வரவில்லை.

மே 17, ஞாயிறு
குழுவில் இருக்கும் சேலத்து சார் ஒரே கேள்வி கேட்டார். எடுக்கும்போது போன் எங்கே நின்றது? ஓடுகிற ஆட்டோவில் என்று டைப் அடிக்கும்போதே தப்பு புரிந்துவிட்டது. இவரிடம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.
"மேகம் பாட்டுக்கு நின்னுட்டு இருந்துச்சு. நாமதான் அதைச் சுத்திக் கிரிவலம் வந்துட்டோம்."
அவமானம். வீடியோவை அழித்து, தப்பு என்னுடையது என்று குழுவில் எழுதினேன். பாத்திரம் கழுவும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மே 24, ஞாயிறு
மழை இல்லை. வானம் வெறும் வெள்ளை. வாங்க வேண்டியது: ஹூக், நூல் (அரக்கு, கிளிப்பச்சை), கொத்தமல்லி. நூல் கடையில் ஒரு அம்மா: "வெயில் ஜாஸ்தியா அடிக்குது, பௌர்ணமிக்குள்ள கொட்டும் பாரு." அவர் வாய்க்கு சர்க்கரை போடணும்.

மே 31, ஞாயிறு
பௌர்ணமி. தி.மலை முழுக்க ஜனம். கிரிவலப் பாதையில் வண்டி விடவில்லை. இவருக்கு மாதத்திலேயே நல்ல சவாரி இன்றுதான், பஸ் ஸ்டாண்டுக்கும் வேங்கிக்காலுக்கும் ஓயாத ஓட்டம். சாயங்காலம் பார்த்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாசலில் நிற்கிறார். மேற்கே மேகம் ஒன்று வருகிறதாம், அடி தனியாகத் தொங்குகிறதாம், நான் சொன்ன மாதிரியே.
இடி பலம், மொட்டை மாடிக்குப் போகவில்லை. மாடிப்படி ஜன்னல் கம்பியில் போனை லைனிங் துணியால் இறுக்கிக் கட்டினேன். இட்லித் தட்டு அடுக்கியது போல மேகம். இடமிருந்து வலமாக, மெதுவாக. பார்த்துக்கொண்டே இருந்தேன். நம்பிக்கை வரவில்லை. இவரும் கிண்டல் செய்யவில்லை.
"சுத்துதுடி," என்றார். "நெஜமாவே சுத்துது."
அழுதுவிட்டேன். அப்புறம் ஆலங்கட்டி, கரண்ட் கட். இவர் சட்டையெல்லாம் சாரல். திரும்பச் சவாரிக்குப் போகவே இல்லை. இருட்டில் உட்கார்ந்து அதையே ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்க்கிறார். குழுவில் போடணும், போனைக் கொடுங்க என்றால் தரவில்லை.
"நாளைக்குப் போட்டுக்கலாம். இன்னிக்கு இது நம்மளோடதா இருக்கட்டும்."