என் புகாரால் பூட்டப்பட்ட ஞாயிறு கச்சேரி

அனுப்புநர்:
ம. ஜெயவேலு,
பாத்திர வியாபாரி,
கேம்ப் ரோடு, சேலையூர்,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
பூங்கா மற்றும் பொது நிகழ்ச்சிகள் பிரிவு,
மண்டல அலுவலகம்.

பொருள்: ஏரிக்கரைப் பூங்கா அரங்கில் ஞாயிறுதோறும் கேட்பார் இல்லாமல் நடைபெறும் இன்னிசை நிகழ்ச்சி – அதற்குக் காரணமான எனது புகாரைத் திரும்பப் பெறுதல் – நிகழ்ச்சியைப் பழைய இடத்துக்கே மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார் மனு, நாள் 05.08.2024.
2. தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 16.08.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வை 1-இல் கண்ட புகாரைக் கொடுத்தவன் நான்தான். பதினோரே நாளில் அதன் மீது நடவடிக்கை எடுத்தீர்கள். இருபத்தாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மழைநீர்க் கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் நாய்த் தொல்லைக்கும் கொடுத்த மனுக்கள் ஒரு கட்டு சேரும். அவற்றில் ஒன்றுக்குக்கூட இத்தனை வேகமாகப் பலன் கிடைத்ததில்லை. பலன் கிடைத்த அந்த ஒரே மனுவை ரத்து செய்யுமாறு கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. நான் பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் பாத்திரங்கள் விற்பவன். வெண்கலப் பானை வாங்க வருகிறவர்கள் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். மணி அடித்தது போல ஓசை நின்று கேட்டால் நல்ல பானை. சட்டென்று அடங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது. ஓசை கேட்காமல் என் கடையில் ஒருவரும் வெண்கலம் வாங்கியதில்லை. என் கடைக்கு நேர் எதிரே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய திடலில், ஞாயிறு மாலை ஆறு முதல் எட்டு வரை தங்கள் அனுமதியோடு ஓர் இன்னிசைக் குழு நான்கு வருடமாகப் பாடி வந்தது. ஞாயிறுதான் எனக்கும் வியாபார நாள். அவர்கள் ஸ்பீக்கர் இரைச்சலில் என் பானைச் சத்தம் கேட்கவில்லை. என் குறை அவ்வளவுதான்.

2. பானைச் சத்தம் கேட்கவில்லை என்று எழுதினால் எந்த அலுவலகமும் அசையாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஆம்புலன்ஸுக்கு வழியில்லை, பக்கத்து மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தூக்கமில்லை, நூற்றைம்பது பேர் சாலையை அடைத்து நிற்கிறார்கள் என்று எழுதினேன். நின்றவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், காய்கறிப் பையோடு ஒரு பாட்டுக்கு நின்றுவிட்டுப் போனவர்கள், ஸ்கூட்டரை அணைக்காமல் ஒரு காலை ஊன்றிக் கேட்டவர்கள். எந்த ஆம்புலன்ஸும் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. அந்த மனுவில் எழுதியவை பொய் என்று இதன் மூலம் எழுத்துபூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.

3. தாங்கள் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. "பொதுமக்கள் வசதியாக அமர்ந்து கேட்கும் பொருட்டு" ஏரிக்கரைப் பூங்காவில் புதிதாகக் கட்டிய அரங்குக்கு மாற்றினீர்கள். முந்நூறு பேர் உட்காரலாம். படிகள் நல்ல கருங்கல், வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூங்காவை மாலை ஆறு மணிக்கு மூட வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. கச்சேரி ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும் என்ற அனுமதியும் அப்படியே இருக்கிறது. ஐந்தே முக்காலுக்கு விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுகிறார்கள். அனுமதிக் கடிதம் உள்ளவர்கள் மட்டும் உள்ளே இருக்கலாம். ஆறு மணிக்குக் கேட் பூட்டப்படுகிறது. எட்டு மணிக்குத் திறந்து பாட்டுக்காரர்களை வெளியே விடுகிறார்கள். அதுவரை அவர்கள் முந்நூறு காலி இடங்களுக்குப் பாடுகிறார்கள்.

4. அவர்கள் மூன்று பேர். பாடுகிறவர் திருமதி ஜான்சி, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறார். கீபோர்டு வாசிப்பவர் அவர் கணவர் சாலமன், பள்ளி வேன் ஓட்டுநர். தபேலா வாசிக்கும் ஷ்யாம்சுந்தர் ஏசி மெக்கானிக், கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிறார். ஒரு வாரம் தவறினாலும் அனுமதி போய்விடும் என்பது நிபந்தனை என்பதால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பாட வேண்டியிருக்கிறது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. கேட்க வருகிறவர்களின் சராசரி இருபதுக்குக் குறைந்தால் வரும் 31.03.2025-உடன் அனுமதி முடிந்துவிடும், மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. ஆகஸ்டிலிருந்து இன்று வரை பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை பூஜ்யம்.

5. இது எதுவும் எனக்கு ஜனவரி வரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. மறைத்துப் பயனில்லை, அவர்கள் போன பிறகு என் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் நன்றாகவே கூடியது. 19.01.2025 அன்று ஒரு கல்யாண வீட்டுக்குச் சீர்ப் பாத்திரம் இறக்க ஏரிக்கரைப் பக்கம் போனேன். பாட்டுச் சத்தம் கேட்டு, பூங்கா கேட்டருகே வண்டியை நிறுத்தினேன். கம்பி வழியாகப் பார்த்தால் தூரத்தில் மேடையில் ஒரு விளக்கு, மூன்று பேர். ஜான்சி பாடிக்கொண்டே காலிப் படிகளைப் பார்த்துக் கையை நீட்டினார். எங்கள் திடலில் பாடும்போது கூட்டத்தைச் சேர்ந்து பாடச் சொல்லி அப்படித்தான் நீட்டுவார். வீட்டுக்குப் போய் என் புகாரின் நகலை எடுத்துப் படித்தேன்.

6. மறுநாளிலிருந்து தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தேன். புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். கணினியில் பார்த்த பணியாளர், "சார், உங்க மனு தீர்வாகி மூடியாச்சு. கம்ப்ளெயின்ட் குடுக்கத்தான் சார் இதுல எடம் இருக்கு. குடுத்தத வாங்கிக்க எடமே இல்ல" என்றார். இரண்டாம் முறை, புதிதாக ஒரு புகார் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். "ஏற்கெனவே தீர்வு காணப்பட்ட பொருள்" என்று நான்கே நாளில் அதுவும் மூடப்பட்டது. மூன்றாம் முறை, நிகழ்ச்சி நல்லபடியாக நடப்பதற்குப் படமே இருக்கிறது என்று காட்டினார். படத்தில் மேடை இருக்கிறது, மூவரும் இருக்கிறார்கள், தேதியும் இடமும் அச்சாகியிருக்கின்றன. படிகள் படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அந்தப் பணியாளரைக் குறை சொல்லவில்லை. எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீரும் கொடுத்தார்.

7. படம் எடுப்பதும், கேட்டைப் பூட்டுவதும், எண்ணிக்கை எழுதுவதும் பூங்காக் காவலர் திருமதி அங்காளம்மா. முன்பு கோவளத்தில் மீன் விற்றவர். வியாபாரிக்கு வியாபாரி பேசிப் பார்க்கலாம் என்று நினைத்து, வாரத்துக்கு முப்பது என்று எழுதிவிடுங்களேன் என்றேன். அந்த யோசனை சொன்னதற்கும் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர், "கூடைல இல்லாத மீன எண்ணிக் குடுக்கச் சொல்றியா சார்? நாள பின்ன ஆபீசர் வந்து கேட்டா முப்பது பேர நீ இட்டுகினு வருவியா?" என்று கேட்டார்.

8. அழைத்து வந்தே காட்டலாம் என்று 02.02.2025 அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இருபத்திரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள், ஒன்பது பேர் வந்தார்கள். அவர்கள் வந்தபோது மணி ஆறு பத்து. கேட்டுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். மேடை இருநூறு அடி தள்ளி இருக்கிறது, வார்த்தை பிடிபடவில்லை, கொசு பிடுங்கியது. இந்த ஒன்பது பேரையாவது எழுதுங்கள் என்றேன். "கேட்டுக்கு அந்தாண்ட நிக்கிறவன் ரோட்ல போறவன் கணக்கு சார். எனுக்கு அப்டித்தான் சொல்லிக் குடுத்துக்கீறாங்கோ" என்றார் அங்காளம்மா. ஏழு மணிக்குள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

9. அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படித்ததில், கலைஞர்கள் மூவரோடு கருவிகள் தூக்க ஓர் உதவியாளரும் உள்ளே இருக்கலாம் என்று இருந்தது. அவர்களுக்கு உதவியாளர் யாருமில்லை. ஆகவே 09.02.2025 முதல் நான் போகிறேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு, ஸ்பீக்கர் பெட்டி பாத்திர மூட்டையை விடக் கனம் குறைவுதான். "கடை அண்ணா, நீங்க போய் இதெல்லாம் தூக்குறீங்களே, எங்களுக்கு ஒரு மாதிரி இருக்குண்ணா" என்று ஜான்சி சொன்னார். ஞாயிறு சும்மாத்தான் இருக்கிறேன் என்று பொய் சொன்னேன். உள்ளே போய் முதல் படியில் உட்கார்ந்தேன். முந்நூறு இடத்தில் ஓர் ஆள். ஆனால் உதவியாளர் என்று பெயர் எழுதி உள்ளே போனவனைக் கேட்க வந்தவனாக எழுத முடியாதாம். அன்றும் பூஜ்யம்தான்.

10. ஐயா, நான்கு வருடம் என் கடை வாசலில் பாடியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை, சத்தம் என்று மட்டும் நினைத்திருந்தேன். அங்கே உட்கார்ந்துதான் கேட்டேன். எனக்கு ராகம் தாளம் தெரியாது. ஓசையில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் சொல்லத் தெரியும். ஜான்சியின் குரல் நல்ல வெண்கலம். ஆனால் பாட்டின் கடைசி வரியை முழுதாக விடுவதில்லை. பாதியில் விழுங்கிவிட்டு, மூச்சு வாங்காமல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார். ஏன் என்று கேட்டேன். "முடிச்சிட்டு நின்னா அந்த அமைதியக் கேக்கணுமேண்ணா" என்றார். நான் அடுத்த பாட்டுக்குக் கை தட்டினேன். ஷ்யாம்சுந்தர் திடுக்கிட்டுத் தபேலாவில் அடி தப்பவிட்டார். "ஒரே ஒரு ஆளு தட்னா கல்லுல பட்டுத் திரும்பி வருது சார், தூக்கிவாரிப் போடுது" என்றார். அதன் பிறகு தட்டவில்லை. தட்டுவதா, சும்மா இருப்பதா, எது அவர்களுக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

11. இடைவேளையில் டீ ஊற்றிக் கொடுத்தபோது சாலமன், "அந்த ஆஸ்பத்திரிக்காரங்கதாண்ணா எழுதிப் போட்டது. நாலு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல. சத்தத்தக் கொறைப்பான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா கொறைச்சிருக்க மாட்டோமா?" என்றார். ஆஸ்பத்திரி என்ற யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தங்கள் உத்தரவில் இருப்பது நான் எழுதிய வரிதான். அவர் சொன்னதும் சரிதான். சாலையைத் தாண்டி எதிரே போய்ச் சொல்லியிருந்தால் குறைத்திருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. எல்லாவற்றுக்கும் எழுதிப் போட்டே பழகிவிட்டது. நான் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை.

12. ஆகவே தங்களிடம் வேண்டுவது: நிகழ்ச்சியை மறுபடி என் கடைக்கு எதிரிலேயே நடத்த உத்தரவிட வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று தனிக் கடிதம் இணைத்திருக்கிறேன். நான் பானைகளைப் பகலில் விற்றுக்கொள்கிறேன். அது உடனே முடியாதென்றால், ஞாயிறு மட்டும் எட்டரை வரை பூங்காவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்றால், பூட்டிய கேட்டுக்குள் எண்ணிய பூஜ்யங்களை வைத்து அவர்கள் அனுமதியை முடிக்காமலாவது இருங்கள். கேட்க ஆளில்லாமல் இல்லை ஐயா, வந்தவர்களை உள்ளே விடவில்லை. பொய்ப் புகார் கொடுத்ததற்கு என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். அது அவர்களைத் தொடாமல் இருக்க வேண்டும்.

13. இந்த மனுவும் முன்பு போலவே மூடப்படலாம் என்று எனக்குத் தெரியும். மீதி இருப்பது ஐந்து ஞாயிறு. எனக்குத் தெரிந்த வழி மனு ஒன்றுதான். பொய்யாக எழுதியபோது அது பலித்தது. இப்போது நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. தாங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

இடம்: சேலையூர்
நாள்: 24.02.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
ம. ஜெயவேலு

இணைப்பு:
1. எனது 05.08.2024 நாளிட்ட புகாரின் நகல்.
2. ஆட்சேபணையின்மைக் கடிதம்.

நகல்: திருமதி ஜான்சி அவர்களுக்கு. இரண்டு இணைப்புகளோடும், 02.03.2025 ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு, பூங்கா வாசலில், என் கையால்.