மாட்டுக்கொட்டகைப் புட்டி

சேசு மரியாயே காவல்

மாரண்டஹள்ளி
28-1-86

என் அண்ணன் மகனும் எனக்கும் மகனுமான அருள்நாதனுக்கு, உன் சித்தப்பா ஞானராஜ் முத்தம் கொடுத்து எழுதுவது. இங்கே உன் அப்பா, உன் அம்மா, சித்தி இன்னாசியம்மாள், நான், கறவை மாடு உட்பட எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நாக்பூரில் நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், அதை நான் பாதிதான் நம்புகிறேன், மீதியை உன் எழுத்து கோடு தாண்டி ஓடாமல் வருகிற அன்றைக்கு நம்புவேன்.

இதெல்லாம் இப்படித்தான் வரும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான் ஒருவன்தான். உன் அப்பா ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார் என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னேன், ஊர் பாதி சாட்சி. நீ போர்க்கிணறு போடுகிற வண்டியில் ஏறி வடக்கே போன அன்றைக்கே, மண்ணும் புகையும் தின்கிற வேலை, ராத்திரி ஒரு கிளாஸ் இல்லாமல் தூங்கவிடாது என்றும் சொன்னேன். அப்போது சிரித்தாய். இப்போது நீயே எழுதியிருக்கிறாய், காலையில் கை நடுங்குகிறது, ஒரு வாய் ஊற்றினால்தான் ஸ்பேனர் பிடிக்க முடிகிறது, தபசு தொடங்குகிற விபூதிப் புதனன்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்து ஒரேயடியாக விட்டுவிடப் போகிறேன் என்று. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் என்னதான் செய்தார்கள், வலிக்குமா என்றும் கேட்டிருக்கிறாய். உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், மறைக்கவில்லை. அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள், பிறகு அடுப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மகனே, முதல் பேச்சு, புதன்கிழமை நீயாக நிறுத்தாதே. இவன் என்ன சொல்கிறான் என்று நீ ஆச்சரியப்படுவாய், ஆனாலும் கேள். நம் வூட்டு ஆண்பிள்ளைகள் நெற்றியில் சாம்பல் வைத்த கையோடு சாராயத்தை விடுவார்கள், ஈஸ்டர் பாஸ்கா பூசை முடிந்த கையோடு பிடிப்பார்கள், ஊரும் அதைப் பக்தி என்றது. போன தபசு காலத்தில் உன் அப்பா அப்படி விட்டார், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முழந்தாளிட்டவர் அப்படியே சாய்ந்து வாயில் நுரை தள்ளி வெட்டி வெட்டி இழுத்தார். நாங்கள் சாத்தான் ஒருசந்தி நோன்பைக் கெடுக்கிறான் என்று தீர்த்தம் தெளித்தோம், கையில் கோயில் சாவியைத் திணித்தோம். சாத்தானுமில்லை ஒன்றுமில்லை, வருஷக்கணக்கில் சாராயத்திலேயே ஊறின நரம்புக்கு அதைச் சடாரென்று வெட்டினால் இப்படித்தான் இழுக்கும், ஆளே போய்விடுவதும் உண்டு என்று பெங்களூர் டாக்டரம்மா சொன்னார்கள். விடத்தான் வேண்டும், ஆனால் டாக்டர் கண் முன்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு விட வேண்டும், அதுவரைக்கும் வீம்பாக நிறுத்தக்கூடாது, வண்டியையும் மிஷினையும் தொடக்கூடாது. உன் வீரம் எனக்குத் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

இந்த வருஷப் பிறப்பு கழிந்து உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை, கை டம்ளரைப் பிடிக்கவில்லை. நானும் உன் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறி பெங்களூரில் இதற்கென்றே வார்டு வைத்திருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் பையைக் கொட்டிப் பார்த்தார்கள், என் தலைக்குத் தேய்க்கிற தைலத்தைக்கூட மோந்து பார்த்துத்தான் கொடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா முதலில் கேட்டது, எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்று. நான் சுற்றி வளைக்கிற ஆளா. உன் அப்பா மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைக்கிற அந்தப் பச்சைப் புட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், எடுத்து மேசை மேல் டொக்கென்று வைத்தேன். விடியங்காட்டி இதுல ஒண்ணு, பொழுது சாயங்காட்டி இதுல ஒண்ணு, நடுவுல கடையில நின்னு குடிக்கறது தனிங்க, எழுதிக்கோங்க என்றேன். அந்த அம்மாள் எழுந்து நின்று, இத்தனை வருஷத்தில் இப்படி நேராகப் பேசின ஆளை நான் பார்த்ததில்லை என்று எனக்குக் கை கொடுத்தார்கள்.

அப்புறம் நடப்பதைச் சொல்கிறேன், பயந்துகொள்ளாதே. இரத்தம் எடுப்பார்கள். வைட்டமின் ஊசி போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், வரிசை மாறக்கூடாதாம். நரம்பை அடக்குகிற மாத்திரை ஒன்று, முதலில் நிறையக் கொடுத்து நாளாக ஆகக் குறைத்துக்கொண்டே வருவார்கள், அதுதான் இந்த வைத்தியத்தின் சூட்சுமம். குடிக்கு ஈடாக அதைக் காட்டி ஏமாற்றி நரம்பை மெல்ல இறக்குகிறார்கள். முதல் நாள் வியர்வையில் போர்வை பிழிகிற மாதிரி நனையும், வாந்தி வரும், தூக்கம் வராது, பக்கத்தில் டம்ளர் விழுந்தால் குண்டு வெடித்த மாதிரி துள்ளுவாய். நர்ஸ் வந்து வந்து நாடி பிடிப்பாள், எரிச்சலாக இருக்கும், வையாதே. உன் அப்பாவுக்கு மறுநாள் மத்தியானம் இழுப்பு வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஆள் இந்த உலகத்தில் இல்லை. சுவரெல்லாம் எறும்பு என்று துடைத்துக்கொண்டே இருந்தார். நர்ஸைக் கண்டக்டர் என்று நினைத்து, பாலக்கோட்டுக்கு ரெண்டு டிக்கெட் குடும்மா, எங்கூட வர்றவன் வாயாடி, அவனுக்கு அரை டிக்கெட் போதும் என்றார். அந்தக் கன்னடத்துப் பெண்ணுக்கு நான்தான் என் கன்னடத்தில் அர்த்தம் சொன்னேன், வார்டே சிரித்தது. பிறகு ஊசியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி, மடை உடைஞ்சுபோச்சு அடைங்கடா என்று ஓடப் பார்த்தார். உள்ளே பஞ்சு வைத்த துணியால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். அவிழ்த்துவிடுடா தம்பி என்று என்னைப் பார்த்துக் கெஞ்சினார். அண்ணன் கையைக் கட்டப் பிடித்துக் கொடுத்தவன் நான். அதை எழுத எனக்குக் கை வரவில்லை, விடு.

பிறகு மருந்து பிடித்தது, தூங்கினார், தூங்கிக்கொண்டே இருந்தார். எழுந்ததும் களி கேட்டார், ரொட்டியும் பாலும் கொடுத்தார்கள், அதற்குக் கோபித்துக்கொண்டார், அப்போதுதான் ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்தது. ஆனால் டாக்டரம்மா ஒன்று சொன்னார்கள், இது உடம்பைக் கழுவினதுதான், ஆசை இன்னும் உள்ளேயே இருக்கும், மாதாமாதம் வரவேண்டும், கூட இருப்பவர்கள் குத்திக்காட்டக்கூடாது என்று. இப்போது உன் அப்பா சாராயக்கடை இருக்கிற தெருவை விட்டு ஏரிக்கரை சுற்றி நம் வெள்ளாமைக் காட்டுக்குப் போகிறார். ஒரு கல் தொலைவுக்கு நாலு தடவை உட்கார்ந்து எழுந்துதான் போய்ச் சேருகிறார். தக்காளி மண்டியில் என் வியாபாரமும் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரித் தரையில் படுத்த முதுகு இன்னும் நிமிரவில்லை. எல்லாரும் களைத்துப் போயிருக்கிறோம் மகனே, இன்னொரு கட்டிலுக்குத் தெம்பு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வேன். நான் எப்போது இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மேலே எழுதினதை ஒட்டுவதற்கு முன்னால் நேற்றுச் சாயங்காலம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அரை டிக்கெட் இடத்தில் சிரித்தாள். புட்டி இடத்துக்கு மறுபடி போகச் சொன்னாள், படித்தேன். ஏனுங்க, டாக்டரம்மாகிட்ட சொன்னது பத்தலையா, எம் புள்ளைக்குமா என்றாள். பால் கறக்கப் போய்விட்டாள். இரவெல்லாம் அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை, ஆகையால் எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் நடந்தது, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன், அது என் வாய். புட்டியை மேசை மேல் வைத்தது மட்டும் நானில்லை. டாக்டரம்மா கேட்டபோது சுற்றிலும் பெரிய வூட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு மானம் பெரிதாகத் தோன்றியது. நல்ல நாள் பெரிய நாள்ல ஒரு கிளாஸுங்க, அதுவும் மேல்வலிக்கு என்றேன். உன் அப்பாவும் தலையாட்டினார். எங்கள் பேச்சை நம்பி அந்த அளவுக்குத்தான் மாத்திரை கொடுத்தார்கள். இழுப்பு வந்த பிறகு டாக்டரம்மா ஓடி வந்து, நீங்கள் சொன்னதற்கும் இதற்கும் ஒத்துவரவில்லையே என்று என்னைக் கேட்டார்கள், நான் அப்போதும் தைலத்தைத் தேடுகிற மாதிரி பையைக் கிளறினேன். உன் அம்மாதான் தாழ்வாரத்திலிருந்து எழுந்து வந்தாள். கேட்பார்கள் என்று வூட்டிலிருந்தே அந்தக் காலிப் புட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள், அவளைத்தான் யாரும் கேட்கவில்லை. மேசை மேல் வைத்ததும் அவள்தான், விடியங்காட்டி ஒண்ணு என்று சொன்னதும் அவள்தான். அப்புறம்தான் மருந்தின் அளவை ஏற்றினார்கள், அப்புறம்தான் உன் அப்பா பிழைத்தார். டாக்டரம்மா எனக்குக் கையெல்லாம் கொடுக்கவில்லை, ஒரு பார்வை பார்த்தார்கள்.

உன்னையும் இதையேதான் முதலில் கேட்பார்கள். சின்ன கிளாஸ் என்று உன் நாக்கில் வரும், நம் வூட்டு நாக்கு அப்படி. அதைச் சொல்லாதே, ஒரு சொட்டுக்கூடக் குறைக்காமல் சொல். உடனே வண்டி மேனேஜரைக் கூட்டிக்கொண்டு அங்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, சேர்ந்ததும் தந்தி அடி. நாங்கள் இரண்டு பேரும் ரயில் ஏறுகிறோம், நாக்பூருக்கு எங்கே வண்டி மாற வேண்டும் என்று உன் அம்மா இன்று காலையிலேயே கேட்டுவிட்டாள். நான் பை தூக்கிக்கொண்டு வருவேன், கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வேன், கையைக் கட்ட வேண்டியிருந்தால் பிடித்தும் கொடுப்பேன். டாக்டர் எதிரில் வாயைத் திறக்க மாட்டேன். அங்கே உன் அம்மா பேசட்டும்.

தேவமாதா உன் நடுங்குகிற கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் சித்தப்பன்
த. ஞானராஜ்