மூன்று நாள் மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சௌக்கியமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் அக்கா போன் செய்து, டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்கள் மூன்றே நாளில் நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். மீதியைப் பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தானம் வேறு செய்தீர்களாம்.

இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு லாரி டிரைவரும் வருஷக்கணக்காக இப்படித்தான் பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தார். கடைசியில் கால் புண்ணில் இருந்த கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. காலை எடுக்க நாளே குறித்துவிட்டார்கள். அந்தக் கிருமியை மட்டும் அழிக்கிற வைரஸ் சாக்கடையில் கிடைக்கும் என்று எங்கள் டாக்டரம்மா என்னை அனுப்பினார். நீங்கள் எம்.எஸ்சி. படிக்கவைத்த மகள் பாட்டில் பாட்டிலாகச் சாக்கடை அள்ளினாள். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. பத்தொன்பதாவது பாட்டிலில்தான் அது சிக்கியது. அதைச் சுத்தப்படுத்தி, மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் புண் ஆறத் தொடங்கியது, கால் பிழைத்தது.

நேற்று அவர் மெல்ல நடந்து என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"புண்தான் ஆறிட்டு வருதேம்மா, மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்றார்.

நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது அப்பா? அந்த முகத்தில் உங்களைத்தான் பார்த்தேன். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

நாளைக்கே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். அவர் கொடுப்பதை முழுசாகச் சாப்பிடுங்கள். தினமும் மாத்திரை போட்டதும் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். லேபில் கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். மாத்திரை தீர்ந்த பிறகும் போன் செய்யலாம், தப்பில்லை.

உங்கள் சின்ன மகள்