மணலுக்குள் கிடந்த உன் பளபளப்புக் குழாய்

பாய், இன்று காலை மணிமுத்தாற்று மணலை மண்வெட்டியால் தள்ளும்போது ‘ணங்’ என்று ஒரு சத்தம். துடைத்துப் பார்த்தால், பழுப்பு நிறத்தில் பளபளவென்று உன் பீங்கான் குழாயின் வாய். செத்த பிறகும் என்னை ஆற்றில் இறக்கி வேலை வாங்குகிறாய்.

ஊற்று சரியாமல் இருக்க, நாம் வேலை பார்த்த சூளையில் வளைந்துபோன குழாய்களைக் கேட்டு வாங்கி வந்து மணலில் இறக்குவோமே. பக்கத்திலும் தண்ணீர் கசியட்டும் என்று எல்லாரும் மெருகு பூசாத குழாயைத்தான் எடுப்பார்கள். நீ மட்டும் அழகாக இருக்கிறதென்று மெருகு பூசியதைத் தூக்கி வந்தாய்.

“ஊத்துக்குப் பவுடர் பூசி இட்டாந்துருக்கான்யா பாயி” என்றேன். குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

“அடியிலேர்ந்து வர்றது போதும், போடா” என்றாய். அது நிரம்ப அரை நாள் ஆனது. அடுத்த வெள்ளத்தில் மணல் மூடிவிட்டது. கேலி மட்டும் மூடவில்லை.

இந்தக் கோடையில் தெருக் குழாயின் மோட்டார் புகைந்துபோனது. ஆற்றில் தோண்டிய இடமெல்லாம் கலங்கல், சாக்கடை வாடை. தங்கச்சி என்று நான் கூப்பிடும் உன் வீட்டுக்காரி நேற்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

“மங்கலம்பேட்டைக்கு மவ வூட்டோட போயிடுறேண்ணா. தண்ணியும் இல்லாம தனியா இருந்து என்னா பண்றது?”

எனக்குக் கேலி வரவில்லை. பூட்டிக் கிடக்கும் உன் வீட்டை எப்படித் தினமும் தாண்டிப் போவது?

அதனால்தான் இன்று உன் குழாயைத் தேடித் தோண்டினேன். உள்ளே அடைத்திருந்த மணலை அள்ளிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அடியிலிருந்து மெல்ல ஊறியது. கண்ணாடி மாதிரி தண்ணீர். மேல்மணலின் கலங்கலை உன் மெருகு உள்ளே விடவில்லை. அப்பாடா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தோண்டியவன் கடைசியில்தான் குடிக்க வேண்டும் என்பது நம் ஆற்று வழக்கமாயிற்றே. முதல் குடத்தை உன் வாசலில் இறக்கினேன். தங்கச்சி ஒரு வாய் குடித்தாள்.

“அவரு எறக்குன கொழாயாண்ணா?”

“ஆமாம்மா. பவுடர் வாசன அடிக்குதா?”

நீ போனபின் அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

தெருவே பிடித்து முடித்தபின் என் முறை வந்தது. சேர்ந்து தோண்டுகிற நாளெல்லாம் யார் கடைசி என்று நமக்குள் சண்டை வரும், நீயே ஜெயிப்பாய். இன்று சண்டைக்கு ஆளில்லை. இருந்தாலும் “நீ குடி பாய்” என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கையை நனைத்தேன்.