அப்பா வயரைப் பிடுங்கிய இடத்திலிருந்து

சொன்ன நேரத்துக்கு எந்த மேடைக்கும் வந்து சேராத என் அன்பு அண்ணன் குணாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். முடித்துவிட்டோம் அண்ணே. நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாதியில் அறுந்துபோன அந்த வாசிப்பை இந்த வருஷம் முடித்துவிட்டோம். பேஸ் கிட்டாரின் கம்பி விரலைக் கிழித்துவிட்டது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வேறு சிலரும் இதைப் படிப்பார்கள் என்பதால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நாம் மூன்று பேர். நீ கிட்டார், ரஹாங் ஊர்க்கார லூயிஸ் டிரம்ஸ், நான் பேஸ். முதலில் பேஸ் வாசித்தவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட, ஆள் கிடைக்காமல் தங்கச்சியை இழுத்துப் போட்டாய். நம் ராக் இசைக்குப் பாடகர் கிடையாது, எழுதி வைத்த பாட்டும் கிடையாது. நீ ஏதோ ஒரு துண்டை வாசிப்பாய், நாங்கள் பின்னாலேயே வருவோம், எங்கே போய் நிற்கும் என்பது உனக்கே தெரியாது. ஊரில் பாதிப் பேர் நாம் இன்னும் சுருதிதான் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தார்கள்.

அன்றைக்குத் தோட்டத்து லாரிதான் மேடை. தேர் வரும்வரை வாசிக்கலாம், உருமி மேளம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும் என்று கோயில் தலைவர் சொல்லியிருந்தார். நீயும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினாய். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தாண்டித் தேர் திரும்பியது, உருமி கேட்டது, நான் உன்னைப் பார்த்தேன். நீ நிறுத்துகிற ஆளா? உருமியின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே ஏறிவிட்டாய். உருமிக்காரர்களும் விடவில்லை. தேர் இழுத்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஆடினார்கள். அம்மன் லாரிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

நல்ல நேரம் போகிறது என்று தலைவர் கத்தினார். கோயில் கமிட்டியில் விளக்கு, மைக், ஜெனரேட்டர் எல்லாம் அப்பாவின் பொறுப்பு. அவர் விறுவிறுவென்று வந்தார், உன் முகத்தைப் பார்க்கவே இல்லை, வயரைப் பிடுங்கினார். அவ்வளவுதான்.

லூயிஸ் தன் பேட்டரி ரெக்கார்டரை லாரியின் முன்சீட்டில் ஓடவிட்டிருந்தது நமக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் கேசட்டைப் பிரதி எடுத்து, பிரதியைப் பிரதி எடுத்து, சிரம்பானிலிருந்து கெமாஸ் வரைக்கும் எத்தனை கார்களில் ஓடியது. கடைசியில் ஒரு ‘டக்’. பிறகு லூயிஸின் ஓரிரண்டு அடி. பிறகு ஒன்றும் இல்லை.

ஊரே கேட்டது, நீ மட்டும் கேட்டதில்லை. “அறுந்து போனத எதுக்குலா கேக்கணும்?” என்பாய். ஏர்கான் ரிப்பேர் வேலைக்குப் போனாய். கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டு வாசித்தாய். கோயில் பக்கம் கிட்டாரைக் கொண்டுபோனதே இல்லை. அப்பாவோடு மழையைப் பேசினாய், பந்து விளையாட்டைப் பேசினாய், செம்பனைக் காய் விலையைப் பேசினாய். இதை மட்டும் பேசவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சுவலியில் நீ ஒரே நாளில் போன பிறகு, பேச நினைத்திருந்தாலும் அவருக்கு ஆள் இல்லை. வாசலில் உன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருப்பார். யார் ஓட்டப்போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அப்பா கண்ணை மூடுவதற்குள் அந்த வாசிப்பு முடிந்தாக வேண்டும், அதை அவர் கேட்டாக வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

இப்போதைய தலைவர் அன்றைக்குக் கயிற்றைப் போட்டுவிட்டு ஆடியவர்களில் ஒருவர். போனில் கூப்பிட்டு, “தங்கச்சி, திருவிழாவுல நீங்க வாசிக்கணும். கேசட்டுல உள்ள மாதிரியே, அப்படியே வேணும்லா,” என்றார். உன் இடத்துக்குத் தினேஷ் என்று ஒருவரையும் அவரே அனுப்பினார். சிரம்பானில் பேங்க் வேலை, ரொம்ப அடக்கம்.

“அக்கா, கேட்டுக் கேட்டு ஃபுல்லா எடுத்துட்டேன். ஒரு நோட்டு மாறாது,” என்றார். உண்மைதான், மாறவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

லூயிஸ் குச்சிகளைக் கீழே வைத்தான். “தம்பி, நல்லா வாசிக்கிறீங்க. ஆனா குணா சோத்தக்கூட ரெண்டு தடவ ஒரே மாதிரி சாப்பிட மாட்டான்.”

நான் சொன்னேன், “கேசட்டுல வாசிப்பு அறுபடுற இடம் வரைக்கும் நீங்க கைய கட்டிட்டு நில்லுங்க தினேஷ். அதுக்கு அப்புறம் உங்க இஷ்டம்.”

“அதுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லயேக்கா.”

“அதான்.”

திருவிழா அன்று சாயங்காலம் தோட்டத்தை விட்டுப் போன நம் ஆட்கள் சிரம்பானிலிருந்து கார் காராக வந்து இறங்கினார்கள். லயத்து வீடுகள் இப்போது இல்லை, சுற்றிலும் செம்பனை மரங்கள்தான். கோயிலும் திடலும் மட்டும் அப்படியே இருக்கின்றன. தேர் திரும்பியது. உருமியோடு நானும் லூயிஸும் சேர்ந்துகொண்டோம். உன் இடம் காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எனக்கு வியர்த்தது.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் உன் கிட்டாரைப் பாட ஆரம்பித்தாள். வார்த்தையில்லாமல், ‘ன ன ன’ என்று. பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் சேர்ந்தார்கள். அந்த நிமிஷத்தில் உன் கைக்கு வந்ததை நீ வாசித்தாய் அண்ணே, அவ்வளவுதானே நீ செய்தது? அதை ஒரு திடலே மனப்பாடமாகப் பாடுகிறது. நீ வேண்டுமென்றே இழுத்த இடத்தில் இழுக்கிறது, விரல் வழுக்கிய இடத்தில் வழுக்குகிறது. எனக்குப் பெருமையில் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கை ஏது?

பாடிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியாதே. உருமியும் நின்றது, லூயிஸும் நின்றான், நானும் நின்றேன்.

அப்பா ஜெனரேட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லாமல் அவராகவே போய் உட்கார்ந்திருக்கிறார். மெல்ல எழுந்தார். திடல் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் குனிந்து, நம் வயர் போகும் பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னா பாக்குற? கரண்டு இருக்கு. வாசிம்மா.”

வாசித்தேன். விரல் கிழிந்தது அப்போதுதான். தினேஷ் உள்ளே வந்தார். முதல் நோட்டே தப்பு. லூயிஸ் வாய்விட்டுச் சிரித்தான், நாங்கள் அந்தத் தப்பின் பின்னாலேயே போனோம். அந்த அடக்கமான மனுஷனுக்குள் இப்படி ஒரு ரௌடி இருப்பது பேங்க்குக்குத் தெரியுமா? தேர் நின்றது நின்றபடி இருந்தது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. யாரும் கண் காட்டாமல், எல்லாரும் சேர்ந்து ஓர் அடியில் நிறுத்தினோம். திடலில் எழுந்த சத்தத்தில் தேரின் மணிகள் ஆடின. நாம் ஜெயித்துவிட்டோம் அண்ணே. வேறு எப்படிச் சொல்வது?

வீடு திரும்பும்போது அப்பா காரில் என் பக்கத்தில் இருந்தார். ரஹாங் பக்கம் வந்ததும், “அவன் இருந்தா இன்னும் இழுத்திருப்பான்,” என்றார்.

“இழுத்திருப்பான்பா.”

“இழுக்கட்டும்னு விட்டிருக்கலாம்.”

உனக்குச் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

மறுநாளே தலைவர் போன் பண்ணிவிட்டார். அடுத்த வருஷமும் வேண்டுமாம், இதே மாதிரியே வேண்டுமாம். வருகிறோம் என்றேன். இதே மாதிரி மட்டும் வாசிக்க மாட்டேன், எத்தனை பேர் கேட்டாலும் மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
ஆள் கிடைக்காததால் உனக்கு வாய்த்த பேஸ்காரி,
உன் தங்கச்சி வனஜா