மாலைக்குக் குனிந்த தலை

செவ்வாய், 12 மார்ச் 1996

சூடான காற்று. பல்கனியில் காயப்போட்ட துணி முழுக்கச் செம்மண் தூசி. திரும்பவும் தோய்த்தேன்.

பேப்பர் இல்லாத ஆட்களுக்கு இத்தாலி அரசாங்கம் பெர்மெசோ கொடுக்கிறது, இங்கே இருக்க அனுமதி. இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று வீட்டுக்காரச் சிஞ்ஞோரா கையெழுத்து வைத்தால் போதும். மாத முடிவோடு தவணை சரி. கேட்டுக் கேட்டு வாய் உளைகிறது. "பார்ப்போம்" என்கிறாள். பதிந்தால் காப்புறுதி கட்டவேண்டுமே, அதுதான். பெர்மெசோ இல்லாமல் மன்னாருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அம்மாவைப் பார்த்து ஐந்து வருடம்.

வியாழன் எம்.பி. ரோசலின் சிஞ்ஞோரா வீட்டுக்குத் தேநீருக்கு வருகிறாளாம். மொரிசியசிலிருந்து வந்து ரோமில் பாராளுமன்றம் ஏறியவள். தேர்தல் நெருங்குகிறது. எனது அரைநாள் லீவு போச்சு. சிஞ்ஞோரா: "உங்கள் ஆள்தானே, சந்தோஷப்படு."

வியாழன்

ஏழு சிஞ்ஞோராக்கள். பாதாம் கேக். ரோசலின் பச்சைக் கோட், என்னைவிடக் கறுப்பு. பாட்டன் பூட்டன் தமிழாம், அவளுக்கு ஒரு சொல்லும் வராது. எல்லாம் இத்தாலியனில்தான்.

தன் கதையைச் சொன்னாள். இருபது வயதில் வந்தது, இதே ஊரில் பொலிதேயாமா தியேட்டர்ப் பக்கம் ஒரு வீட்டில் சட்டி கழுவியது, இரவுப் பள்ளி, தொழிற்சங்கம், அங்கே ஒரு கிளார்க்கைக் கட்டியது, குடியுரிமை. பாராளுமன்றத்தில் முதல் நாள் வாசல்காரன் துப்புரவு ஆட்கள் போகும் கதவைக் காட்டினானாம். சிஞ்ஞோராக்களுக்குக் கண் கலங்கியது. என்னுடையவளுக்கும்!

"முதல் வீட்டுச் சிஞ்ஞோரா என்னை மகள் மாதிரி வைத்திருந்தார்."

கையில் தட்டோடு கேட்டேன்: "மகளைப் பதிந்தாரா?"

ஒருவரும் மெல்லவில்லை. ரோசலின், "இல்லை" என்றாள். பிறகு பேருந்துகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள்.

போகும்போது குசினிக்குள் வந்தாள். "அங்கே ஏழு வாக்கு, புருஷன்மாரோடு பதினாலு. உனக்கு வாக்கு இல்லை. நான் தோற்றால் உனக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்?" தான் குடித்த கோப்பையைத் தானே கழுவிவைத்தாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

எல்லோரும் போனபின் சிஞ்ஞோரா சொன்னாள்: கையெழுத்து இனி இல்லை. வேலை மட்டும் இருக்கிறதாம். பெரிய மனது.

சனி

மாதா கோயில் மண்டபம். நாளை எங்கள் தமிழ்ச் சங்கம் ரோசலினுக்கு வரவேற்பு. தலைவர் மனுவேல் அண்ணை மாலைக்குச் செவ்வந்திப் பூ சொல்லப் போனாராம். பூக்கடைக்காரன் தொப்பியைக் கழற்றி, "செத்தது யார்?" என்று கேட்டானாம். இங்கே அது சவப் பூ.

அறைத்தோழி ஜெசிந்தா அக்கா: "அண்ணை, எலக்‌ஷன் முடிய வாங்கியிருக்கலாமே."

சிரித்துச் சிரித்துக் கார்னேஷன் கோத்தோம். மாலை போடுவது நான்தான் என்று முடிவு. இளம் பிள்ளையாம், படத்துக்கு வடிவாம்.

மனுவேல் அண்ணை: "பிள்ளை, நாளைக்கு வாய் திறக்கக் கூடாது. வந்த ஆளை மரியாதையா அனுப்புவம்."

"ஓம் அண்ணை."

ஞாயிறு

பூசை முடிந்து மண்டபம் நிறைந்த சனம். ரோசலின் வந்தாள், கைகூப்பினாள், மாலைக்குத் தலை குனிந்தாள்.

நான் போடவில்லை.

மாலையைக் கையில் பிடித்தபடி இத்தாலியனில் கேட்டேன். "அன்று உங்களிடம் கேட்ட கேள்வியால் எனக்குக் கையெழுத்து இல்லையென்று ஆகிவிட்டது. நாளைக்கு என்னோடு அந்த வீட்டுக்கு வருவீர்களா? சொல்லுங்கள், போடுகிறேன்."

குனிந்த தலை குனிந்தபடி. படம் பிடிக்கிறவன் கமராவை இறக்கிவிட்டான். பின்னால் மனுவேல் அண்ணை: "ஐயோ, போடு பிள்ளை! போட்டிட்டுக் கதை!" ஜெசிந்தா அக்கா: "போடாதை. எனக்கும் சேர்த்துக் கேள்."

ரோசலின் நிமிர்ந்து பார்த்தாள். நல்ல கோபம். "எத்தனை மணிக்கு?"

"ஒன்பது."

"வருகிறேன்."

போட்டேன். ஒரே கைதட்டல். மனுவேல் அண்ணை என்னோடு கதைக்காமல் போனார்.

திங்கள்

மழை. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒன்பது தாண்டி வந்தாள், தனியாக, நனைந்து.

சிஞ்ஞோரா கேக் எடுக்கச் சொன்னாள். ரோசலின் கதிரையில் இருக்கவில்லை. "கையெழுத்து வையுங்கள். இல்லையென்றால் வேலைக்காரியைப் பதியாத எந்த வீட்டில் தேநீர் குடித்தேன் என்பதையும் இனிக் கூட்டங்களில் சொல்வேன்."

சிஞ்ஞோரா வைத்தாள். பேனையை மூடும்போது, "இவள் எங்களுக்குக் குடும்பம் மாதிரி" என்றாள். நான் தாளை வாங்கி மடித்து வைத்தேன்.

படியில் ரோசலின்: "இந்தக் கட்டிடத்து வாக்கு முழுவதையும் எனக்கு இல்லாமல் செய்துவிட்டாய்."

"எனக்கு வாக்கு வந்தாலும் உங்களுக்குத்தான் போடுவேன் என்று நினைக்காதீர்கள்."

குடையில்லாமல் இறங்கிப் போனாள். நன்றி சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இந்த வாரம் ஜெசிந்தா அக்காவின் கையெழுத்துக்கு அக்காவுடைய சிஞ்ஞோரா வீட்டுக்கும் ரோசலினைக் கூட்டிப் போகவேண்டும்.